கடற்சொல் தொகுத்த கவிஞர்

மாலுமியின் தொழிற்சொற்களுக்குக் கவிதையில் இடமுண்டா என்னும் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் வில்லியம் ஃபால்கனர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1732இல் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவர்கள். பேச்சொலி குன்றிய அவ்வீட்டிலிருந்து, கல்வி முற்றுப்பெறாத வயதிலேயே அவர் வணிகக் கப்பலில் பணிக்குச் சென்றார்.

அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிஸ் நோக்கிச் சென்ற 'பிரிட்டானியா' என்னும் கப்பல் கிரேக்க நாட்டின் சூனியன் முனையருகே புயலில் உடைந்தது. பிழைத்தோர் மூவரே, அவர்களுள் ஒருவர் ஃபால்கனர். அந்தப் பேரிடரே 1762இல் 'தி ஷிப்ரெக்' என்னும் நெடும்பாட்டாக வெளிவந்தது.

புயலைப் பாடாத கவிஞர் அரியர். ஆனால் புயலில் எந்தக் கயிற்றைத் தளர்த்துவது, எந்தப் பாயை முதலில் சுருக்குவது என்று பாடியவர் எத்தனை பேர்? கப்பலைக் காற்றின் போக்கில் திருப்பப் பின்பாய்மரத்தை வெட்டிச் சாய்க்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். பின்புறத்தில் காற்றைத் தாங்கும் பாரம் நீங்கினால்தான் அணியம் காற்றின் வழியே திரும்பும். அங்குச் செயல்முறையே கவிதையின் துயரமாகிறது. கரைவாழ் வாசகருக்கு இச்சொற்கள் விளங்கா என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் சொல்லை எளிமையாக்க மனம் ஒப்பாமல், பக்கத்தின் அடியில் விளக்கம் எழுதினார்.

அப்பாடல் யார்க் கோமகனின் ஆதரவை ஈட்டித் தந்தது. அதனால் கடற்படையில் சேர்ந்தார். 1763இல் 'குளோரி' என்னும் கப்பலின் பண்டகக் கணக்கரானார். கப்பல் சாத்தம் துறையில் பணியின்றி நின்றபோது, கப்பல் தலைவரின் அறை கணப்படுப்புடன் அவருக்கு எழுத்தறையாக ஒதுக்கப்பட்டது.

1769இல் வெளியான அவருடைய கடல்துறை அகராதி வெறும் சொற்பட்டியலன்று. 'ஷீட்' என்றால் கரையிலிருப்போர் விரிந்த துணியை நினைப்பர்; மாலுமிக்கோ அது பாயின் கீழ்மூலையில் கட்டிய கயிறு. இத்தகைய சொற்களைக் கட்டுமானம், கருவி, செயல் ஆகியவற்றோடு சேர்த்து விளக்கினார். பிரெஞ்சுச் சொற்களுக்கும் தனிப் பகுதி அமைத்தார். குறும்பும் இல்லாமலில்லை. பின்வாங்குதல் என்பதைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் போரைத் தவிர்க்கும் அணிவகுப்பு என வரையறுத்து, பிரிட்டானியக் கடற்படைக்கு உரிய சொல்லன்று ஆதலால் விரிவு வேண்டா என்று ஒதுக்கிவிட்டார். அகராதியில் நாட்டுப்பற்று புகலாமா என்று இலக்கண அறிஞர் கேட்கலாம். வாசகர் சிரித்தே தீர்வர்.

1768இல் ஜான் மரே தம் புத்தக வணிகத்தில் பங்குதாரராகச் சேருமாறு அவரை அழைத்தார். பின்னாளில் பைரனின் நூல்களை வெளியிட்ட புகழ்பெற்ற பதிப்பகம் அதுவே. ஃபால்கனரோ அதில் சேரவில்லை. 'அரோரா' கப்பலின் பண்டகக் கணக்கராக இந்தியாவுக்குப் புறப்பட்டார். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் எழுத்தராகத் தொடங்கி வங்க ஆளுநராக உயர்ந்த ஹென்றி வான்சிட்டார்ட்டும் அக்கப்பலில் வந்தார். 1769 டிசம்பர் இறுதியில் நன்னம்பிக்கை முனையை விட்டு நீங்கிய அரோராவை அதன்பின் எவரும் காணவில்லை.

அகராதி பல பதிப்புகள் கண்டது. 1815இல் வில்லியம் பர்னி அதனை விரிவாக்கினார். துணைவியார் ஜேன் பாத் நகரில் வாழ்ந்தார். அகராதியின் விற்பனையை எண்ணிப் பதிப்பாளர் கேடல் அவருக்குப் பொருளுதவி செய்து வந்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர்.