காளையார்கோயில் கோபுரமும் பெரிய மருதுவும்

பாடல்பெற்ற பாண்டிநாட்டுத் தலங்கள் 14-இல் ஒன்றாகிய திருக்கானப்பேர், இன்று காளையார்கோயில் என வழங்குகிறது. சிவகங்கைச் சீமையிலுள்ள அத்திருக்கோயிலின் பெரிய இராஜகோபுரம் மருது சகோதரர்களின் திருப்பணியாகும்.

மூத்தவரான பெரிய மருது 1748-இல் பிறந்தவர். தம்பி சின்ன மருதுவுடன் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிபுரிந்தார். 1772-இல் நவாபுக்காக வந்த கும்பினிப்படை காளையார்கோயிலில் அம்மன்னரைக் கொன்றது. விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்த இராணி வேலுநாச்சியாருக்கு 1780-இல் சீமையை மீட்டுத் தந்தவர்கள் இச்சகோதரர்களே.

அதன்பின் அரசுக் காரியங்களைத் தம்பி கவனிக்க, அண்ணன் வேட்டையிலும் திருப்பணியிலும் நாட்டங் கொண்டார். ரூபாய் நாணயத்தை விரலால் வளைக்கும் வலிமையுடையவர் என்று ஆங்கிலப் படையதிகாரி வெல்ஷ் எழுதியுள்ளார். அத்தகைய உடலையும் இராஜபிளவை வாட்டிற்று. குன்றக்குடி முருகன் திருநீற்றால் அது ஆறியதென்பதும், நன்றிக்கடனாக அவர் அங்கே திருப்பணி செய்தாரென்பதும் மரபு. காளையார்கோயில் கோபுரத்துக்கான செங்கற்கள் மானாமதுரையிலிருந்து, வரிசையாக நின்ற குடிமக்களின் கைமாறிக் கைமாறி வந்தன என்பர். சீமையே கூடி எடுத்த கோபுரமன்றோ அது!

1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் ஊமைத்துரை சிவகங்கையில் தஞ்சம் புகுந்தார். அடைக்கலமானவரை ஒப்படைக்க மருதிருவர் மறுத்தனர். சென்னைக் கோட்டையார் ஏவிய கர்னல் அக்னியூவின் படை சிறுவயலைக் கைப்பற்றி, அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்க முற்பட்டது. உழுதுண்ட குடிகளே படையாகத் திரண்டு, வேலும் வளரியும் துப்பாக்கியும் ஏந்தி, மரங்களின் மறைவில் நின்று தாக்கினர். ஏறத்தாழ ஒரு மாதம் முயன்றும் பயனின்றி, வெட்டிய வழியைக் கைவிட்டுக் கும்பினிப்படை பின்வாங்கியது.

பீரங்கியால் ஆகாததைச் சூழ்ச்சி செய்தது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சீமைக்கு உரியவராகக் கும்பினியார் அறிவிக்கவே, குடிகள் பிளவுபட்டனர். அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது.

சகோதரர்கள் காட்டில் பிடிபட்டதாகவே ஆங்கிலேயர் ஏடுகள் கூறும். சீமை மக்கள் வழிவழியாகச் சொல்வது வேறு. சரணடையாவிடில் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று பகைவர் மிரட்ட, கோபுரத்தைக் காக்கவே மருதிருவர் தம்மை ஒப்புவித்தனராம். கடலோரத்துப் பழைய கபாலீச்சரம் போர்த்துகேயர் காலத்தில் அழிந்ததைக் கேட்டறிந்த மயிலை அடியார்களுக்கு அம்மிரட்டலின் கொடுமை எளிதில் விளங்கும்.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம்புதல்வர் துரைசாமி மறு ஆண்டு பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். சகோதரர்களின் தலைகள் அவர்கள் விரும்பியவண்ணமே காளையார்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன என்பர். அச்சமாதி இன்றும் கோபுரத்தின் எதிரே இருக்கிறது.