மின்சாரப் பெட்டி டாக்டர்

மின்சாரம் வந்தால் விளக்கு எரியும், விசிறி சுற்றும். செயலற்றுக் கிடக்கும் கால் அசையுமா?

அசையும்! அதைச் செய்து காட்டியவர்தான் டாக்டர் டுஷேன்.

1806-ம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டில் புலோன் என்ற துறைமுக ஊரில் அவர் பிறந்தார். கடலோடிகளின் குடும்பம். மகனும் கப்பல் ஏறவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ பாரிஸ் சென்று மருத்துவம் படித்தார். 1831-ல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். திருமணமும் நடந்தது.

வீண் பழி

1833-ல் ஆண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் மனைவி பிரசவ ஜன்னி கண்டு இறந்தாள். பிரசவம் பார்த்தவர் டுஷேன். அதனால், சாவுக்குக் காரணமே அவர்தான் என்று மாமியார் தூற்றினார். குழந்தையையும் அவரிடம் இருந்து பிரித்துவிட்டார்கள். அந்த ஜன்னி கிருமியால் வருவது என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? பாவம், அவர் என்ன செய்வார்!

உடம்பில் ஊசி குத்தி, அதன் வழியே மின்சாரம் செலுத்தும் வைத்தியம் அப்போது இருந்தது. டுஷேன் அதைச் செய்து பார்த்தார். தசை துள்ளியது. பிறகு ஊசியே வேண்டாம், ஈரமாக்கிய இரண்டு முனைகளைத் தோல்மேல் வைத்தாலே போதும் என்று கண்டார். முனை வைத்த இடத்துத் தசை மட்டும் சுருங்கியது.

1842-ல் மீண்டும் பாரிஸ் போனார். மின்சாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். எங்கும் அவருக்கு உத்தியோகம் கிடையாது. பெரிய டாக்டர்கள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தத் தசை எதை அசைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1855-ல் அதைப் பெரிய புத்தகமாக எழுதினார். சிறுவர்களின் தசை மெலியும் நோய் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

கால்வலிக்கு...

டுஷேன் சிகிச்சை அளித்தது பெரும்பாலும் வாதம் கண்டவர்களுக்கு. இன்று அதே வழியை, ரத்த ஓட்டம் குறைந்து வரும் கால்வலிக்கும் டாக்டர்கள் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

ஏற்காடு மலையில், கரடியூர்ப் பக்கம் மேடு ஏறிப் பாருங்கள். கெண்டைக்கால் சதை இறுகித் தளரும். இறுகும்போதெல்லாம் காலில் உள்ள ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். ரத்தக் குழாய் சுருங்கியவர்களுக்கோ சிறிது தூரம் நடந்தாலே அந்தச் சதை வலிக்கும். நின்றால் வலி அடங்கும். கருவியின் பட்டைகளைக் காலில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தினால், நடக்காமலே சதை இறுகுகிறது.

ஆனால் அடைப்பை அது நீக்காது. புகையிலையை விடுவதும், டாக்டர் சொன்னபடி தினமும் நடப்பதும்தான் முக்கியம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், காலில் ரத்தம் உறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கருவியைத் தொடக் கூடாது. வீட்டு மின்சாரத்தில் சோதித்துப் பார்க்கும் விபரீதம் யாருக்கும் வேண்டாம். அது ஆளையே கொன்றுவிடும்!

மகன் வந்தான்

டுஷேன் கதைக்கு வருவோம். பிரிந்து வளர்ந்த மகன் எமில், பெரியவனானதும் தந்தையைத் தேடி வந்தான். அவனும் டாக்டராகி, தந்தையோடு சேர்ந்து உழைத்தான். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. டைபாய்டு காய்ச்சல் மகனைக் கொண்டுபோய்விட்டது.

1875 செப்டம்பரில் டுஷேன் காலமானார். உத்தியோகம் இல்லாமல் அவர் பெட்டியோடு வந்துபோன பாரிஸ் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில், பின்னாளில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.