காயத்தைத் தேடிய வேட்டைக்காரர்: ஜிம் கார்பெட்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

துப்பாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது வீரம். குறி தவறாமல் சுடுபவனை வீரன் என்று போற்றுகிறோம். ஆனால் குறி தவறிய குண்டு எங்கே பாய்ந்தது, சுட்டவன் வீடு திரும்பி உண்டு உறங்கிய பிறகு அடிபட்ட விலங்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவரே ஒரு வேட்டைக்காரர் என்பதுதான் வியப்பு. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு வீழ்த்திய அவர், ஒவ்வொரு புலியின் உடலையும் புரட்டிப் பார்த்து, இது ஏன் மனிதனைத் தின்னத் தொடங்கியது என்று ஆராய்ந்தார். அவர் பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். உலகம் அவரை ஜிம் கார்பெட் என்று அறியும்.

பிறப்பும் இளமையும்

இமயமலை அடிவாரத்தில், குமாவுன் பகுதியின் நைனிதால் நகரில், 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் கார்பெட் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். கார்பெட்டுக்கு ஆறு வயது நிறையும் முன்பே, 1881-இல், தந்தை இறந்துவிட்டார். தாயார் மேரி ஜேன்தான் குடும்பத்தைத் தாங்கினார். கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் அவர்கள் வாழ்ந்தனர்.

காலாதுங்கிக் காடுதான் கார்பெட்டின் முதல் கல்விச்சாலை. கவண், உண்டிவில் ஆகியவற்றில் தொடங்கிய பயிற்சி துப்பாக்கிக்கு வந்தது. அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் ஒரு குழல் வெடித்துப் போயிருந்தது. பித்தளைக் கம்பியைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். மருந்தையும் ரவையையும் வீணாக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையாகையால், உறுதியாகத் தெரியாத எதையும் சுடக்கூடாது என்ற பழக்கம் அன்றே படிந்துவிட்டது. வறுமை கற்றுக்கொடுத்த ஒழுக்கம் அது.

குன்வர் சிங் என்ற கிராமத்தார் காட்டின் நெறிகளை அவருக்குக் கற்பித்தார். குன்வர் சிங் அனுமதியின்றி வேட்டையாடுபவர்தாம்; ஆனாலும் காட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கத் தெரிந்தவர். பறவைகளின் குரலைப் போலவே குரல் கொடுக்கவும், மிதிபட்ட புல் நிமிர்வதைக் கொண்டு விலங்கு எப்போது கடந்து போயிற்று என்று கணிக்கவும், கால் தடத்தைக் கொண்டு ஆண் எது, பெண் எது என்று பிரித்தறியவும் கார்பெட் பழகினார்.

பதினெட்டு வயதளவில் படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் சேர்ந்தார். பின்னர்க் கங்கைக் கரையில் மொகாமே காட் என்னுமிடத்தில், ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே சரக்கு மாற்றும் வேலையை ஒப்பந்தமாக ஏற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். மூட்டை தூக்கும் கூலித் தொழிலாளிகளோடு ஒருவராக நின்று உழைத்தார். ஏழைகளின் மொழியும் மனமும் அவருக்குத் தெரிந்தது அங்கேதான்.

சம்பாவத் பெண்புலி

1907-ஆம் ஆண்டு, கார்பெட்டுக்கு 31 வயது. சம்பாவத் வட்டாரத்தை ஒரு பெண்புலி நடுங்கவைத்துக் கொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்று, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்கு வந்து, மொத்தம் 436 உயிர்களைக் குடித்த புலி அது. பட்டப்பகலில் விறகு பொறுக்கும் பெண்களையும் புல்லறுக்கும் பெண்களையும் அது தூக்கிச் சென்றது.

அரசு அழைத்தபோது கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பரிசு அறிவிப்பைத் திரும்பப் பெறவேண்டும். காட்டில் உள்ள மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்கவேண்டும். பணத்துக்காகக் கொல்பவன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பல துப்பாக்கிகள் அலையும் காட்டில் தவறான குண்டுக்கு இரையாகவும் விரும்பவில்லை. ஊக்கத்தொகையை நம்பி ஊரெல்லாம் துப்பாக்கியோடு கிளம்பினால் ஆபத்து கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தாசில்தார் திரட்டிய 298 கிராமத்தார் மலைமுகட்டில் நின்று ஆரவாரம் செய்ய, புலி பள்ளத்தாக்கில் இறங்கியது. கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவையும் தீர்ந்த பிறகு, தாசில்தாரின் பழுதுபட்ட துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கிவந்து கடைசிக் குண்டைச் சுட்டார். புலி வீழ்ந்தது. வெறிகொண்ட மக்கள் அதன் உடலைத் துண்டாக்கத் துடித்தனர். கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

வலப்பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்புவரை போயிருந்தது. என்றோ, யாரோ சுட்ட குண்டின் வேலை! இயற்கை இரையைக் கவ்விக் கொல்லும் ஆற்றலை அப்புலி அன்றே இழந்துவிட்டது. அந்த வேட்டைக்காரன் யாரென்று எவருக்கும் தெரியாது. அடிபட்ட புலியை அவன் தொடர்ந்து போய் முடித்திருந்தால், 436 பேரின் கதை வேறாக இருந்திருக்கும்.

காயங்கள் சொன்ன உண்மை

அதன்பின் கார்பெட் வீழ்த்திய ஆட்கொல்லிகள் பலவற்றின் உடலிலும் இதே வகைச் சான்றுகள் கிடைத்தன. 24 பேரைக் கொன்ற முக்தேசர் பெண்புலி ஒரு முள்ளம்பன்றியிடம் கண் ஒன்றை இழந்திருந்தது. அதன் முன்காலில் சுமார் ஐம்பது முட்கள் புதைந்து சீழ்பிடித்திருந்தன. 64 பேரைக் கொன்ற சௌகர் பெண்புலியின் நகங்கள் உடைந்திருந்தன. கோரைப்பல் ஒன்று முறிந்திருந்தது. 1938-இல் தம் 63-ஆம் வயதில் அவர் கடைசியாகச் சுட்ட தாக் பெண்புலியின் தோளிலும் பழைய குண்டுக் காயம் இருந்தது.

ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் கதை வேறுவகை. கேதாரநாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது அந்தச் சிறுத்தை. பொறி வைத்தார்கள், நஞ்சு வைத்தார்கள், எல்லாவற்றிலும் அது தப்பியது. 1918-இல் நச்சுக்காய்ச்சல் பரவியபோது பிணங்களை எரிக்க ஆளின்றி, வாயில் ஒரு நெருப்புத் துண்டை வைத்துப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டனர். அவற்றைத் தின்று பழகிய சிறுத்தை, நோய் ஓய்ந்ததும் உயிருள்ளோரைத் தேடியது என்பது கார்பெட்டின் முடிவு. கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் பத்து இரவுகள் வீணே காத்திருந்து, பதினோராம் இரவில், கட்டியிருந்த ஆட்டின் மணியோசை கேட்டு விளக்கைப் பாய்ச்சிச் சுட்டார். 1926 மே மாதத் தொடக்கத்தில் அப்பகுதி மக்கள் எட்டாண்டுக்குப் பின் இரவில் கதவைத் திறந்து வைத்தனர். வீழ்ந்து கிடந்தது ஒரு கிழட்டுச் சிறுத்தை. நாக்கு கறுத்திருந்தது. அதைப் பேய் என்று ஊர் நம்பியிருந்தது. கார்பெட்டோ அதன்மேல் இரக்கமே கொண்டார்.

கார்பெட் கற்பித்த காட்டுப் பாடம்

விலங்கியல் மாணவர்களாகிய நாம் அவரிடம் கற்கவேண்டியவை பல. ஆட்கொல்லிப் புலி பகலில் தாக்கும். ஆட்கொல்லிச் சிறுத்தை இரவில் தாக்கும். மனிதனிடம் கொண்ட அச்சத்தைப் புலி அடியோடு விட்டுவிடுகிறது, சிறுத்தை விடுவதில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் அதுதான் என்றார் அவர்.

காற்றைப் பற்றிய அவர் பாடம் இன்னும் நுட்பமானது. மனிதனுக்கு மோப்பசக்தி குறைவு என்பது புலிக்குத் தெரியாது. மானை நெருங்குவதுபோலவே மனிதனையும் காற்று எதிரே வீசும் பக்கமிருந்து நெருங்கும். ஆகவே காற்றை எதிர்த்து நடப்பவனுக்கு ஆபத்து முதுகுப்புறம். நேராக நடக்காமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் அந்த ஆபத்தை ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் வைத்துக்கொள்ளலாம். மரத்தின்மேல் குரங்கு எழுப்பும் எச்சரிக்கைக் குரலும், புதரிலிருந்து கேளையாடு குரைக்கும் குரலும் புலியின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். கேட்கத் தெரிந்தவனுக்குக் காடு ஒரு செய்தித்தாள்.

துப்பாக்கியிலிருந்து படக்கருவிக்கு

வயது ஏற ஏற கார்பெட்டின் கை துப்பாக்கியைவிட ஒளிப்படக் கருவியையே நாடியது. காட்டுப் புலிகளை ஒளிப்படம் எடுத்த சாம்பியன் என்ற வன அலுவலர் அவருக்கு வழிகாட்டினார். புலிகளைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்ய மாதக்கணக்கில் காத்திருந்தார். பள்ளி மாணவர்களிடம் காட்டைப் பற்றிப் பேசினார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அது. 1944-இல் வெளிவந்த 'குமாவுன் ஆட்கொல்லிகள்' என்ற நூல் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது.

காலாதுங்கி அருகே சோட்டி ஹல்துவானி என்ற கிராமத்தை 1915-இல் வாங்கி, உழவர்களைக் குடியமர்த்தினார். காட்டுப்பன்றியும் மானும் பயிரை அழித்தபோது, அந்தக் கைதேர்ந்த வேட்டைக்காரர் செய்தது என்ன? ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார்! காட்டு விலங்கு காட்டில் இருக்கட்டும், பயிர் வயலில் இருக்கட்டும் என்ற தெளிவு அது.

1947 இறுதியில் தமக்கை மேகியுடன் கென்யா நாட்டின் நையேரி நகருக்குச் சென்றார். 1955 ஏப்ரல் 19-ஆம் நாள் மாரடைப்பால் அங்கே மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் ஹெய்லி பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1973 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவின் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அந்தப் பூங்காவில்தான்.

நமக்கு என்ன?

புலி இல்லாத சமவெளி ஊர்களில் வாழும் நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். எங்கள் ஊரில் நிலக்கடலை முற்றும் நாளில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் ஓராண்டு உழைப்பு மண்ணாகும். என் தந்தையார் பரண்மேல் தகரம் தட்டி விழித்திருக்கிறார். நான் கல்லூரிக்குக் கட்டும் பணம் அந்தக் கடலையிலிருந்து வருவது. ஆகவே பயிரைக் காக்கத் துடிக்கும் உழவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அவுட்டுக்காய் வைப்பதையும் திருட்டு மின்வேலி போடுவதையும் எப்படி ஏற்பது? உணவுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பதுதான் அவுட்டுக்காய். கடித்த விலங்கின் தாடை சிதறும். உயிர் உடனே போகாது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், வெடி வைத்த காயைக் கடித்த கருவுற்ற யானை ஒன்று வாய் புண்ணாகி, ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. அதன் உடைந்த தாடையும், 1907-இல் கார்பெட் திறந்து பார்த்த புலியின் உடைந்த பல்லும் ஒரே கதையைச் சொல்கின்றன. மின்வேலியோ பன்றியென்றும் பக்கத்து வயல்காரரென்றும் பார்ப்பதில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட புலியைக்கூட, பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் கொண்டுபோகவோ இயலாதபோதுதான், தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஆணைப்படி கொல்லலாம். கொல்வது கடைசி வழி என்பதே சட்டத்தின் பொருள். பயிரிழந்த உழவனுக்கு உரிய இழப்பீடு காலத்தில் கிடைப்பதும், ஊர்கூடி வேலியும் அகழியும் காவலும் அமைப்பதும் முதல் வழிகளாக இருக்கவேண்டும்.

ஒரு விலங்கு நம் எல்லைக்குள் வந்தால், ஏன் வந்தது என்று முதலில் கேட்போம். கார்பெட் முப்பதாண்டுக் காலம் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட கேள்வி அது. அறிவியல் பயிலும் நாம், பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது, அந்தக் கேள்வியை நம் வரப்புகளுக்கும் கொண்டு செல்வோமாக!