துவண்ட கை தீட்டிய இல்லங்கள்

கலைஞன் ஒருவனுக்கு முதற்கண் வேண்டுவது யாது என மாணவர் வினவும்போதெல்லாம், அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஹொறேஸ் பிப்பினின் வாழ்க்கையையே நான் எடுத்துக்கூறுவதுண்டு. ஓவியப் பள்ளியிற் கற்றுத் தேறியவரல்லர் அவர். தூரிகை பிடிக்கும் வலக்கையை விரும்பியவாறு உயர்த்தவும் அவரால் இயலாது. ஆயினும் தம் மக்களின் அடுக்களைக்கும் தொழுகைக்கும் ஓய்வுப் பொழுதுக்கும் தைலவர்ண ஓவியத்தில் நிலையான இடந்தேடித் தந்தார்.

1888ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ற் செஸ்ரரிற் பிறந்த பிப்பின், நியூயோர்க் மாநிலத்துக் கோஷன் என்னும் ஊரில் வளர்ந்தார். சித்திரப் போட்டியொன்றில் வென்று பெற்ற வர்ணப்பெட்டியே இளமையில் அவருக்குக் கிட்டிய பெருஞ்செல்வம். வறுமை அவரைப் பாடசாலையினின்றும் விரைவிலேயே வெளியேற்றியது. ஹோட்டலிற் சுமை தூக்கினார். இரும்பு வார்ப்புச்சாலையில் உழைத்தார்.

1917இற் படையிற் சேர்ந்தார். கறுப்பின வீரரைக் கொண்ட அவருடைய 369ஆம் காலாட்படைப் பிரிவு, நிறபேதம் நிலவிய தன் நாட்டுச் சேனையோடு இணைந்து போரிடவில்லை. பிரெஞ்சுச் சேனையின் கீழ் நின்றே போரிட்டது. 1918இற் பகைவனின் குண்டொன்று அவருடைய வலத்தோளைத் துளைத்தது. துவண்ட கையுடன் ஊர் திரும்பி, 1920இல் மணம்புரிந்தார். மனைவி ஊரவர் துணிகளை வெளுத்துக் கொடுக்க, அவற்றை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் பணியாயிற்று.

அக்காலத்திலேதான், பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கோலால் மரப்பலகையைச் சுட்டு உருவங்களை வரையத் தொடங்கினார். பின்னர், வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு தைலவர்ணத்தைக் கையாளவும் பழகினார். போரின் முடிவைச் சித்திரிக்கும் அவரது முதல் தைலவர்ண ஓவியம் 1930இல் தொடங்கி 1933இலேயே நிறைவெய்தியது. வர்ணத்தின்மேல் வர்ணமாகப் பூசிப் பூசி அதனைத் தடிக்கச் செய்தார். சட்டத்திலே துப்பாக்கிகளையும் கைக்குண்டுகளையும் செதுக்கிப் பதித்தார்.

1938இல் நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகம் ஏற்பாடுசெய்த கண்காட்சியில் அவருடைய நான்கு ஓவியங்கள் இடம்பெற்றன. புகழ் வந்தது, பயிற்சியற்ற ஓவியர் என்ற பட்டமும் உடன்வந்தது. இப்பட்டம் எனக்கு உடன்பாடன்று. 1943ஆம் ஆண்டில் வரைந்த டொமினோ ஆட்டக்காரர் என்னும் ஓவியத்தைப் பாருங்கள். எளியதோர் அடுக்களை, மேசையைச் சூழ்ந்து ஆடுவோர், அருகே துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் ஒரு பெண். எந்தப் பொருளை எங்கே வைத்தால் அவ்விடத்து அமைதி புலப்படும் என்பதை அறிந்த கண்ணைப் பயிலாத கண் எனலாமா? கை தாமதிக்கத் தாமதிக்க, அவர் பார்வை ஆழ்ந்தது என்பதே என் துணிபு.

அவருடைய அமைதி மறதியால் விளைந்ததன்று. அடிமைமுறையை எதிர்த்து 1859இல் தூக்கேறிய யோன் பிரவுணின் இறுதிப் பயணத்தை 1942இல் வரைந்தார். அவ்வோவியத்தின் ஓரத்தில் நிற்கும் கறுப்பினப் பெண்ணொருத்தி, ஊர்வலத்துக்கு முதுகு காட்டி நம்மை நோக்குகிறாள். அந்நிகழ்ச்சியைத் தம் பாட்டியார் நேரிற் கண்டார் என்பது பிப்பின் குடும்பத்தில் வழங்கிய செய்தி. பின்னர், கொடிய விலங்குகளும் சாதுவான விலங்குகளும் ஒருங்கே உறையும் புனிதமலையைப் பன்முறை தீட்டினார். அவற்றுள் ஒன்றில் அவர் பொறித்த நாள் 1945 ஓகஸ்ற் 9. நாகசாக்கியில் அணுகுண்டு வீழ்ந்த நாள். சாந்தி தவழும் அம்மலையின் பின்னே, இருண்ட காட்டினுள் போரின் சாயைகள் தெரிகின்றன.

1946 யூலை 6ஆம் நாள் பிப்பின் மறைந்தார். போரையும் நிறவெறியையும் அனுபவித்தவர் அவர். அத்தகையவர் விளக்கொளியில் விளையாடும் ஒரு குடும்பத்தைத் தீட்டும்போது, அதை வெறும் குடும்பக் காட்சியாக என்னாற் கொள்ள முடிவதில்லை. தம் இனத்தாருக்கு உலகம் மறுத்த மதிப்பை, அவர்களுடைய அடுக்களையிலேயே கண்டு காட்டினார் அவர்.