கோழிகளின் மொழியறிந்த நோர்வேயர்

அலுவலகமொன்றிலே யார் யாரைக் கடிந்துகொள்ளலாம், யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்னும் எழுதாச் சட்டத்தைச் சுட்டுவதற்கு மேனாட்டார் "கொத்து வரிசை" என்றொரு தொடரை வழங்குகின்றனர். சமூகவியல் நூல்களிலும் உளவியல் நூல்களிலும் அரசியற் கட்டுரைகளிலும் அத்தொடர் இன்று தாராளமாகப் பயில்கின்றது. எனினும், அதற்கு மூலமான உண்மையை முதன்முதலாகக் குறித்து வைத்தவன் பத்து வயதுச் சிறுவன் என்பதையும், அவன் அதனைக் கண்டது ஆய்வுகூடத்திலன்று, வீட்டுக் கோடிப்புறத்துக் கோழிகளிடத்தே என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. அச்சிறுவன் வளர்ந்து பெரியவனாகி, தான் கண்ட உண்மையாலேயே உலகப் புகழும், தன் நாட்டிலே புறக்கணிப்பும் ஒருங்கே பெற்றான். தோர்லைவ் ஷெல்டெருப்-எபே என்னும் அந்த நோர்வேயரின் வரலாற்றை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்றென்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

எபே 1894ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கிறிஸ்தியானியா நகரிற் பிறந்தார். இன்று ஒஸ்லோ என வழங்கும் நோர்வேயின் தலைநகருக்கு 1925 வரை அதுவே பெயர். தந்தையார் அக்செல் எபே சுவீடன் நாட்டவர், பேர்பெற்ற சிற்பி. தாயார் மெங்கா ஷெல்டெருப் நோர்வேப் பெண்மணி, அவரும் சிற்பியே. கல்லிலும் களிமண்ணிலும் உயிர்களின் வடிவத்தைத் தேடிய இருவருக்குப் பிறந்த பிள்ளை, உயிரோடு நடமாடும் வடிவங்களை உற்று நோக்குவதிலே காலங்கழித்ததில் வியப்பில்லை. பெற்றோரின் கைத்திறம் மகனிடத்திற் கண்திறமாக மாறியது என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஆறு வயதளவிலேயே அவருக்குக் கோழிகள்மீது பெருவிருப்பு உண்டாயிற்று. கோடைகாலத்துக்குக் குடும்பம் சென்று தங்கிய இடத்திலே கோழிகள் இருந்தன. ஏனைய பிள்ளைகள் கோழியைத் துரத்தி மகிழ்வர். இப்பிள்ளையோ அவற்றின் நடுவே அமர்ந்து அவற்றை ஒவ்வொன்றாக இனங்காணக் கற்றது. அவருடைய ஆய்வு முழுவதற்கும் அடித்தளம் இதுவேயாகும். கோழி வளர்ப்போர் பலர் தம் கோழிகளை எண்ணிக்கையால் அறிவரேயன்றி முகத்தால் அறியார். கொண்டையின் சாய்வு, கழுத்திறகின் நிறம், நடையின் தோரணை என்பவற்றைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அறியாதவனுக்குக் கோழிக்கூட்டம் வெறும் இரைச்சலாகவே தோன்றும். அறிந்தவனுக்கோ அது ஓர் ஊர்.

பத்து வயதளவிலே அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகின்றது, எது கொத்துண்டு விலகுகின்றது என்பதே அதன் பொருள். அவர் கண்டதை விளக்குதற்கு நம் வீட்டுப் பெண்கள் இடும் பெயர்களையே எடுத்துக்கொள்கிறேன். கறுப்பி செம்பியைக் கொத்துகின்றது. செம்பி திருப்பிக் கொத்துவதில்லை. செம்பி புள்ளியைக் கொத்துகின்றது. புள்ளி விலகி ஓடுகின்றது. அவ்வாறாயின் கறுப்பி புள்ளியையுங் கொத்த வேண்டுமன்றோ? பெரும்பாலும் அவ்வாறே நிகழும். ஆயினும் சிற்சில வேளைகளிலே புள்ளி கறுப்பியைக் கொத்தும். கறுப்பி அஞ்சி ஒதுங்கும். மூவர்க்குள் இவ்வாறு வட்டமாகச் சுழலும் அதிகாரத்தைச் சிறுவர் எபே கண்டு முக்கோணமென்று குறித்துக்கொண்டார். கணிதம் படித்தோர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். வலிமையொன்றே காரணமாயின் முக்கோணம் தோன்றுதல் இயலாது. முதற் சந்திப்பின்போது ஒன்று இறகுதிர்த்தோ நோயுற்றோ இருந்திருக்கலாம். புதிய இடமென்று மருண்டிருக்கலாம். அன்று நிகழ்ந்த முடிவு பின்னரும் நிலைத்துவிடுகின்றது. ஆகவே கோழிக்கு நினைவு உண்டு. ஒவ்வொருவரையும் பிரித்தறியும் ஆற்றலும் உண்டு. பத்துக் கோழிகள் உள்ள வளவிலே சோடி சோடியாக எண்ணின் 45 உறவுகள் உள. அத்தனையும் அக்கூட்டத்திலே தீர்ந்த வழக்குகள்.

அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இவ்வரிசையைப் பற்றியதன்று என்பது பலர் கவனியாத செய்தி. 1913ஆம் ஆண்டிலே, பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, நோர்வேயின் இயற்கை அறிவியல் ஏடொன்றிலே அவர் எழுதியது கோழிகளின் குரலைப் பற்றியதாகும். கோழியின் உள்ளத்தை அறிதற்கு அதன் குரல் வாயிலாகும் என்பது அவ்விளைஞரின் துணிபு. அக்காலத்திலே இது பெரிதாகப் போற்றப்பட்ட துறையன்று. கோழி கேறுவதைக் கேட்டு முட்டை தேடுவார் உண்டு. கேறுவதன் பொருளைத் தேடுவார் அரிது.

உண்மையிலே கோழியின் பேச்சு நாம் நினைப்பதிலும் வளமானது. முட்டையிட்டபின் கொக்கரிப்பதும், அடைக்கோழி தன் இடத்தை நெருங்குவோரை உறுமி விரட்டுவதும், தாய்க்கோழி நிலத்தைக் கிளறிவிட்டு விரைந்த குறுங்குரலாற் குஞ்சுகளை இரைக்கு அழைப்பதும் எல்லோரும் கேட்டறிந்தவை. குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருமுன்னரே முட்டைக்குள்ளிருந்து கீச்சிடும். தாய் அதற்கு மறுமொழி கூறும். பிரிந்த குஞ்சின் ஓலம் ஒருவகை. இறகினுள் ஒதுங்கிய குஞ்சின் மெல்லிய இன்பக்குரல் வேறொருவகை. 1953இலே அமெரிக்கரான கொல்லியாஸ் என்பாரும் ஜூஸ் என்பாரும் ஒலியைப் படமாக வரையும் கருவியினால் இக்குரல்களைப் பதிந்து பகுத்தனர். தாழ்ந்து, குறுகி, அடிக்கடி ஒலிப்பன குஞ்சுகளை ஈர்ப்பன என்றும், நீண்டு உரத்தவை எச்சரிப்பன என்றும் அதனால் தெளிவாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. பீற்றர் மார்லர் என்னும் பறவையியலாரும் அவர்தம் துணைவரும் 1980களிலும் 1990களிலும் சேவல்களின் எச்சரிக்கைக் குரல்களை ஆராய்ந்தனர். வானிலே பருந்தைக் கண்ட சேவல் எழுப்புங் குரல் ஒன்று. நிலத்திலே ஊர்ந்துவரும் பகையைக் கண்டு எழுப்புங் குரல் மற்றொன்று. 1993இலே வெளியான ஆய்வில், பருந்துமில்லாது விலங்குமில்லாது, பதிவுசெய்த குரலை மாத்திரம் பேட்டுக்கோழிகளுக்குக் கேட்பித்தனர். முதலாவதைக் கேட்டவை ஒதுங்கிடம் நாடிப் பதுங்கி மேல்நோக்கின. இரண்டாவதைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்தி நின்று சுற்றுமுற்றும் பார்த்தன. குரலிலே செய்தி இருந்தது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? மேலும், பக்கத்திலே பேடு நிற்கும்போது சேவல் மிகுதியாக எச்சரிக்கும் என்பதையும், தனித்து நிற்கும்போது பெரும்பாலும் வாய்மூடியிருக்கும் என்பதையும் அவர்கள் கண்டனர். எபே 1913இற் கைவைத்த பொருள் எண்பது ஆண்டுகளின் பின்னர் இவ்வளவு விரிவு பெற்றது.

கோழி வளர்ப்போர்க்கு எபேயின் ஆய்வினால் நேரடியான பயனும் உண்டு. புதுக்கோழி ஒன்றைப் பழைய கூட்டத்தில் விட்டால் அது ஒவ்வொன்றோடும் தன் வழக்கைத் தீர்த்தாக வேண்டும். அந்நிய இடத்து மருட்சியும் அதற்கு எதிராக நிற்கும். கொண்டையிலே பெருங்காயம் பட்டு உருமாறிய கோழியைத் தோழிகளே அந்நியமாகக் கருதித் தாக்குதலுங் கூடும். தீனியை ஒரே இடத்தில் இட்டால் கடைசிக் கோழி பட்டினி கிடக்கும். பல இடங்களிலே பரவ இடுவோன் அதனைக் காப்பாற்றுவான். என் வளவிலே நான்கு மூலைகளில் தவிடு வைப்பதைக் கண்டு அயலார் நகைப்பர். நகைக்கட்டும், மெலிந்த கோழி இப்போது முட்டையிடுகின்றது.

இனி, அவருடைய வாழ்க்கையின் துயரப் பகுதிக்கு வருகின்றேன். பல்கலைக்கழகத்திலே அவர் விலங்கியல் கற்றபோது, கிறிஸ்தீனெ பொன்னவி அம்மையாரின் அன்புக்குரியவராயிருந்தார். அம்மையார் எளியவரல்லர், 1912இலே நோர்வே நாட்டின் முதற் பெண் பேராசிரியராக உயர்ந்தவர். அவருடைய ஆதரவிருந்தால் இளைஞர் ஒருவரின் எதிர்காலம் உறுதியென்றே கருதலாம். அந்நிலையிலே, அம்மையாரை எள்ளி நகையாடிய கட்டுரையொன்று பத்திரிகையில் வெளிவந்தது. அதனை எழுதியவர் எபே என்று கருதப்பட்டது. அம்மையாரின் ஆதரவு அற்றுப்போயிற்று. அக்கட்டுரையை எழுதியவர் வேறொருவர் என்பது எபேயின் மகன் பிற்காலத்திற் கூறிய வரலாறு. இது ஒரு பக்கத்துச் சொல்லே. அம்மையாரின் சொல்லையும் நாம் கேட்டிருந்தோமாயின் தீர்ப்புரைப்பது எளிதாயிருக்கும். யார் எழுதியிருப்பினும், பின்விளைவு ஒன்றே. தாய்நாட்டின் பல்கலைக்கழக வட்டத்திலே எபேக்கு உரிய இடம் பின்னர் வாய்க்கவில்லை.

கொத்து வரிசையைக் கண்டவரே கொத்துண்டவரானார் என்று இதனைச் சொல்லிச் சிரிப்பது எளிது. பலர் அவ்வாறு சொல்லியுமுளர். எனக்கு அந்த நகை உவப்பாயில்லை. கோழிக்கு வளவின் மூலையொன்று எஞ்சும். ஆய்வாளனுக்கு ஆய்விடமும் மாணவரும் இல்லையெனின் எஞ்சுவது யாது?

எஞ்சியது ஜேர்மன் மொழி. 1922ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் உளவியல் ஏடொன்றிலே வீட்டுக்கோழியின் சமூக உளவியலைப் பற்றிய அவரது பேராய்வு வெளியாயிற்று. சிறுவயதுக் குறிப்பேட்டிலே தொடங்கியது அங்கே முழுமை பெற்றது. எந்த இரு கோழிகளுக்கிடையிலும் ஒன்று மேலாண்மை உடையது, மற்றது பணிவது. அம்முறை முதற் சந்திப்பிலே போராலோ பணிவாலோ தீர்கின்றது. தீர்ந்தபின் நெடுங்காலம் நிற்கின்றது என்பன அதன் சாரம். தன் நாடு கேளாததை அயல்நாடுகள் கேட்டன. அமெரிக்காவிலே சிக்காகோ நகரில் அலீ என்னும் பேராசிரியரும், அவர்தம் மாணவரான கூல் என்பாரும் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டு வளர்த்தனர். உறுப்பினரை ஓயாது மாற்றிக் குழப்பிய கூட்டங்களையும் மாற்றாது விட்ட கூட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டு, 1944இலே முடிபுகளை வெளியிட்டனர். வரிசை நிலைத்த கூட்டத்திலே கொத்துதல் குறைவு. தின்பதும் முட்டையிடுவதும் மிகுதி. வரிசை என்பது கொடுமைக்கு மாத்திரமன்று, அமைதிக்குங் காரணமாகின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

1935இலே அமெரிக்காவில் வெளியான சமூக உளவியற் பெருநூலொன்றிலே, பறவைகளின் சமூக வாழ்க்கையைப் பற்றிய அதிகாரத்தை எழுதும் பொறுப்பு எபேக்குக் கிடைத்தது. அதிலே அவர் வீழ்ச்சியுற்ற தலைமைப் பறவையின் நிலையை வருணிக்கின்றார். நெடுநாள் ஆண்ட பறவை தோல்வியுற்றதும் சிறகு தொங்கித் தலை புழுதியிலே சாயச் செயலிழந்து கிடக்குமாம். உடலிலே காயமில்லாதபோதும் அவ்வாறாகும். அரை நூற்றாண்டு கழித்து, 1987இலே, பிரைஸ், ஸ்லோமன் என்னும் உளமருத்துவர் இருவர் மனிதனின் உளச்சோர்வை விளக்குதற்கு இந்த வருணனையையே அடிப்படையாகக் கொண்டனர். அப்பகுதியை எழுதியபோது அவர் கோழியை மட்டுமே எண்ணினாரோ என்று ஐயுறுவது நம் உரிமை. அதற்கு மேல் ஊகிப்பது முறையன்று.

அதே நூலிலே அவர் தம் கொள்கையை எல்லைமீறி விரித்தார் என்றே நான் கருதுகின்றேன். வல்லாண்மை என்பது உலகின் அடிப்படைத் தத்துவங்களுள் ஒன்று, எல்லா உயிர் வாழ்க்கையோடும் பிணைந்தது என்பது அவர் கூற்று. கோழிக்கூட்டிலே கண்டதைக் கொண்டு உலகனைத்தையும் அளத்தல் தகுமோ? அவரைப் பின்பற்றிய அலீயே இதற்குச் சிறந்த மறுப்பாளர். உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி வாழும் ஒத்துழைப்பையே தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் அவர். கொத்து வரிசையை ஒரு பகுதியாக மட்டுமே கொண்டார். எபேயோ பகுதியை முழுமையாக்கினார். வகுப்பறையிலே மாணவரை மேல் கீழ் என நிறுத்துவதற்குக் கோழியைச் சான்று காட்டுவோர், மூன்று கோழிகளுக்குள்ளேயே முக்கோணம் உண்டென்று முதலிற் கண்டவரும் அவரே என்பதை மறந்துவிடுகின்றனர்.

எஞ்சிய நாள்களிலும் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. பறவைகளையன்றித் தாவரங்களையும் ஆராய்ந்தார். கவிதைகளும் கதைகளும் எழுதினார். 1926இலே பிறந்த மகன் டாக், விலங்கியலை நாடாது இசையியலை நாடினார். நோர்வேயின் இசைமேதை எட்வர்ட் கிறீக் பற்றிய பெருநூலொன்றை 1980இலே மற்றோர் அறிஞருடன் சேர்ந்து வெளியிட்டவர் அவரே. கோழிகளின் குரலைச் செவியுற்றுக் கேட்ட தந்தைக்கு இசையறிஞர் மகனாக வாய்த்தது எனக்கு மிக இயல்பாகத் தோன்றுகின்றது. எபேயின் இளமைக்கால நிகழ்ச்சிகள் பல இன்று நமக்குக் கிடைத்திருப்பதும் அம்மகனின் நினைவிலிருந்தேயாகும்.

தோர்லைவ் ஷெல்டெருப்-எபே 1976ஆம் ஆண்டிலே, தம் எண்பத்தோராம் வயதிலே காலமானார். மார்லர் குழுவினர் சேவலின் குரலைப் பதிவுசெய்யத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே.