பிள்ளைகளின் அறிவை அளந்த பெருமகன் ஆல்பிரட் பினே



பரிசளிப்பு விழாவிலே பரிசு வாங்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பெருமை சொல்லி மாளாது. ஆனால் பரிசு வாங்காத பிள்ளைகளே பள்ளியில் அதிகம். அவர்களிலே சிலர், இவனுக்குப் படிப்பு ஏறாது, மண்டையிலே ஒண்ணுமே இல்லை என்று தினமும் பேச்சு வாங்குகிறவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட ஓர் அறிஞரின் வாழ்க்கையை இம்மலரின் வழி அறிந்துகொள்வோம். அவர்தாம் ஆல்பிரட் பினே. இன்று உலகமெங்கும் ஐ.கியூ. என்று பேசப்படும் அறிவுச் சோதனைகளுக்கு வித்திட்டவர் அவரே.

பிறப்பும் இளமையும்

பினே 1857-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், இன்று பிரான்சு நாட்டிலுள்ள நீஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் மருத்துவர், தாயார் ஓவியம் வரைபவர். இருவரும் பிரிந்துவிட்டதால் தாயாரின் வளர்ப்பிலேயே வளர்ந்தார். பாரிஸ் நகரில் படித்தார். பள்ளி இறுதித் தேர்வில் அவர் சொன்ன ஒரு பதில் தேர்வாளருக்குப் பிடிக்கவில்லை. தத்துவம் படிக்கும் மனம் இவருக்கு ஒருநாளும் வாய்க்காது என்று கோபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் அந்தத் தேர்வாளர். ஒருநாளும் என்ற அந்தச் சொல் பினேயின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. வளர்ந்து பேரறிஞரான பிறகும் அதை அவர் மறக்கவில்லை.

1878-இல் சட்டப் படிப்பை முடித்தார். வழக்கறிஞர் தொழிலில் நாட்டம் செல்லவில்லை. மருத்துவம் படிக்கப் போய், அதையும் பாதியில் விட்டார். பிறகு பாரிஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, மனித மனத்தைப் பற்றிய நூல்களைத் தாமாகவே படிக்கத் தொடங்கினார். உளவியலை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் என்று யாரும் இல்லை.

காந்தம் கற்பித்த பாடம்

அந்தக் காலத்தில் பாரிசிலே சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். நோயாளிகளை மனோவசியத்தால் உறங்க வைத்து ஆராய்ந்து வந்தார். பினே 1883 முதல் அங்கே பணியாற்றினார். உறங்குபவரின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் வலக்கையின் முடக்கம் இடக்கைக்கு மாறுகிறது என்று பினேயும் அவருடைய நண்பர் ஃபேரேயும் எழுதினார்கள். கேட்டவர்கள் வியந்தார்கள்.

பெல்ஜியம் நாட்டு அறிஞர் டெல்பெஃப் நேரிலே வந்து பார்த்தார். காந்தம் நோயாளியின் கண்ணெதிரேயே இருந்தது. என்ன நடக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் அவர் காது கேட்கவே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் வேலை செய்தது காந்தமா, பேச்சா? பேச்சுத்தான் என்று டெல்பெஃப் எடுத்துக் காட்டினார். முதலில் பினே கடுமையாக வாதாடினார். சில ஆண்டுகள் சென்றபின் தம் முடிவு தவறு என்று எல்லோரும் அறிய ஒப்புக்கொண்டார்.

ஆராய்ச்சிக்கு அடிப்படையான ஒரு விதி இதிலே இருக்கிறது. சோதிக்கப்படுகிறவருக்கு, நாம் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லாலோ சாடையாலோ காட்டிக்கொடுக்கக் கூடாது. காட்டிவிட்டால், கிடைப்பது அவருடைய விடையல்ல, நம்முடைய ஆசைதான்.

இதேபோல இன்னொரு முறையும் நடந்தது. தலை பெரிதானால் அறிவும் பெரிது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். பினேயும் பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்து பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பின்தங்கிய பிள்ளைக்கும் இருந்த வித்தியாசம் மிகச் சொற்பம். அதுவும்கூட, அளக்கும் தம் கை தம்மை அறியாமலே கூட்டிக் குறைத்ததனால் வந்திருக்கலாம் என்று தம்மையே சந்தேகித்தார். மறுபடியும் அளந்து பார்த்தார். பின்னர் அந்த வழியையே கைவிட்டார்.

வீட்டிலே ஓர் ஆய்வுக்கூடம்

பினேக்கு மதலேன், ஆலிஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள். நடை பழகும்போது மூத்தவள் பக்கத்திலே பிடிமானம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடி வைப்பாள். இளையவளோ சிரித்துக்கொண்டே, எங்கே போகிறோம் என்ற கவலையே இல்லாமல் கிளம்பிவிடுவாள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீட்டுச் சோறு, ஆனாலும் மனப்போக்கு வேறு வேறு! இதைப் பினே பல ஆண்டுகள் குறித்து வைத்து, 1903-இல் நூலாக வெளியிட்டார். அறிவு என்பது ஒரே அச்சில் வார்த்த பொருளல்ல என்பது அவருக்கு வீட்டிலேயே விளங்கியது. இதற்கிடையில் 1894-இல் சோர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்திற்கு அவர் தலைவரானார்.

முப்பது சோதனைகள்

பிரான்சில் 1882-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. ஏழை, பணக்காரர் எல்லோருடைய பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளை என்ன செய்வது என்று ஆராய 1904-இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. பினேயும் அதில் ஓர் உறுப்பினர். பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஒரே பிள்ளையை மூன்று மருத்துவர்கள் பார்த்தால் மூன்று விதமாகச் சொன்னார்கள். குறும்புக்காரப் பிள்ளையை மந்தம் என்று சொல்லி வகுப்பை விட்டு அனுப்பிவிடும் ஆபத்தும் இருந்தது. ஆகவே யார் அளந்தாலும் ஒரே அளவு காட்டும் ஒரு படிக்கல் தேவைப்பட்டது.

இளம் மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து, 1905-இல் பினே 30 சோதனைகளை வெளியிட்டார். எளியதில் தொடங்கிக் கடினமானதில் முடியும் வரிசை அது. எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா, படத்திலுள்ள பொருள்களின் பெயரைச் சொல்ல முடிகிறதா, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா, மூன்று சொற்களை வைத்து ஒரு வாக்கியம் அமைக்க முடிகிறதா என்று அவை போகும். புத்தகப் பாடத்தை அவர் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்பதே நோக்கம். பிள்ளையை அமைதியான அறையிலே தனியாக உட்கார வைத்து, அன்பாகப் பேசிப் பயத்தைத் தெளிய வைத்த பிறகுதான் சோதனை.

1908-இல் ஏறத்தாழ 200 பிள்ளைகளைச் சோதித்து, சோதனைகளை 3 வயது முதல் 13 வயது வரை வகைப்படுத்தினார். ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடியது எதுவோ அதுவே அந்த வயதின் சோதனை. மூன்று வயதுப் பிள்ளை தன் மூக்கையும் கண்ணையும் வாயையும் தொட்டுக் காட்டும். ஐந்து வயதுப் பிள்ளை சதுரம் வரையும். இப்படித்தான் மன வயது என்ற கருத்து பிறந்தது.

அளந்தது ஒதுக்குவதற்கு அல்ல

அளந்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு, குறைந்த மாணவர்கள், பொறுமையான ஆசிரியர் வேண்டும் என்றார். 1909-இல் அத்தகைய வகுப்புகளுக்கு பிரான்சில் சட்டமே வந்தது. கோணிய உடலுக்குப் பயிற்சி கொடுத்து நிமிர்த்துவது போல மனத்திற்கும் பயிற்சி உண்டு என்பது அவர் கொள்கை. ஆசிரியர் குறி காட்டியதும் பிள்ளைகள் சிலைபோல அசையாமல் நிற்கும் விளையாட்டு, காகிதத்தில் விரைவாகப் புள்ளி வைக்கும் விளையாட்டு என்று பழக்கினார்கள். கவனமும் மன உறுதியும் வந்துவிட்டால் பாடம் தானாக வரும் என்பது கணக்கு. அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது, கூடாது என்று சொன்னவர்களை 1909-இல் எழுதிய நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார். தேர்வாளரின் அந்தப் பழைய தீர்ப்பையும் அதிலேயே நினைவுகூர்ந்தார்.

சோதனைகளை 1911-இல் மறுபடியும் திருத்தினார். அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், 54 வயதில் காலமானார்.

மறைந்த பின்

அவர் கண் மூடிய பிறகு கருவி வேறு கைகளுக்குப் போயிற்று. 1912-இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன் மன வயதை உடல் வயதால் வகுத்து ஒரே எண்ணாக்கினார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் புதிய பதிப்பு வெளியிட்டார். காடார்ட் போன்றோர் அந்த எண்ணைப் பிறவிக் குணமாகவே கருதினார்கள். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனை நடந்தது. அமெரிக்க வாழ்க்கை பழகாத, பிற நாடுகளிலிருந்து குடியேறிய மக்கள் குறைந்த எண் பெற்றதும், அவர்களை அறிவில் தாழ்ந்தவர்கள் என்று சிலர் எழுதினார்கள். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பினே செய்த விளக்கு, முத்திரை குத்தும் இரும்பாக மாறிற்று.

பெற்றோர்களே! ரப்பர் கன்றை நட்டால், பால் வெட்டுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். நட்ட மறுவருடமே கத்தி வைத்துப் பார்த்து, இது பால் தராத மரம் என்று சொல்லுவார் உண்டா? பிள்ளை குறைந்த புள்ளி வாங்கி வந்தால், எந்த இடத்திலே தடுக்கியது என்று ஆசிரியரைப் போய்க் கேளுங்கள். பக்கத்திலே உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். மாணவச் செல்வங்களே! இன்றைய புள்ளி இன்றைய நிலையைத்தான் காட்டும். நாளைக்கு அதைக் கூட்டுவது உங்கள் முயற்சி. ஒருநாளும் முடியாது என்ற சொல்லை எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதிருப்போம். பினே என்ற பெருமகனுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.