வாதவூரடிகளும் மனமென்னும் அமைச்சும்

ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதும், சகசமல மறைப்பால் தானே அறியமாட்டாது, அமைச்சரொடு கூடிய அரசனைப்போல அக்கரணங்களொடு கூடிநின்றே அறியும் என்பதும் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அமைச்சு, உயிரே அரசு. இவ்வுவமையை வாயாற் சொல்லுதல் எளிது. ஓர் எண்ணம் நெஞ்சில் எழுந்த பொழுதே, இஃது யானன்று, என் அமைச்சு கொணர்ந்த செய்தி என்று பிரித்தறிதல் பெரிதும் அரிது. அவ்வரிய செயலை வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவர் தாமே ஓர் அரசனுக்கு அமைச்சராயிருந்தவர். அவர் வரலாற்றை இந்நோக்கான் ஆராய்தல் ஈண்டு யாம் கருதியது.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூரை அடுத்த திருவாதவூரில், அமாத்தியர் மரபில் மாணிக்கவாசக சுவாமிகள் தோன்றினார். அவர் காலம்பற்றி அறிஞர் மாறுபடுவர், கி. பி. 9-ஆம் நூற்றாண்டு என்பார் பலர். அவர்தம் கல்வித்திறங் கேட்ட அரிமர்த்தன பாண்டியன் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் நல்கி, முதலமைச்சராக இருத்தினான் என்று புராணங் கூறும். குதிரை கொள்ளுதற்குப் பெரும்பொருளொடு கீழைக் கடற்கரை நோக்கிச் சென்றவர், திருப்பெருந்துறையிற் குருந்தமர நீழலில் எழுந்தருளிய குரவரைக் கண்டு ஆட்பட்டார். அரசன் பொருள் அரன் பணிக்குச் செலவாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை திருவிளையாடற் புராணத்து 58 முதல் 61 வரையுள்ள படலங்களில் விரிந்துள. நம் வாசகர் நன்கறிவர். ஈண்டு நோக்கத்தக்கது பாண்டியன் மனநிலை. பரி வாராமை கண்டு அமைச்சரை ஒறுத்தான். பரி வரக் கண்டு பாராட்டினான். அவை நரியாக, வையைச் சுடுமணலில் நிறுத்தி வருத்தினான். கண்முன் நின்ற ஒன்றே முழு உண்மை என்று துணிந்து, அத்துணிவைத் தானே உடைத்து, மீண்டும் அவ்வாறே துணிந்தான். சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் இயல்பு அவன்பால் விளங்கிற்று. வந்தியின் கூலியாளாய்ப் பிட்டுண்டு மண் சுமந்தார்மேல் வீழ்ந்த பிரம்படி தன் முதுகிலும் பட்ட பின்னரே, தான் கண்டது வேறு, உள்ளது வேறு என்று அவன் உணர்ந்தான்.

அரசன் ஒறுத்த துன்பத்தினும் பெரியதொரு துன்பம் அடிகளுக்குப் பெருந்துறையில் நேர்ந்தது. பழவடியார் கூட்டத்தொடு குரவர் மறைந்தருள, அடிகள் தனித்து நின்றார். ஏனையோர் சென்றனர், யான் நின்றேன், ஆகலின் யான் தகுதியில்லேன், ஆகலின் கைவிடப்பட்டேன் என்று நெஞ்சம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் இயல்பே. இவ்வடுக்கில் முதலிரண்டும் நிகழ்ச்சி. பின்னிரண்டும் மனம் இட்டுக்கட்டியவை. துன்புறுவார்க்கோ நான்கும் ஒரே உண்மையாய்த் தோன்றும். பலரும் வீழ்வது இவ்விடத்தே.

அடிகள் செய்தது யாது? அவ்வெண்ணத்தை மறைத்தாரல்லர், அதற்கு அடிமைப்பட்டாருமல்லர். உத்தரகோசமங்கையில் அருளிய 50 பாடல்களில், விட்டுவிடாதே என்று அதனை இறைவன் திருமுன் வைத்தார். அப்பகுதிக்கு நீத்தல் விண்ணப்பம் என்பது பெயர். விண்ணப்பம் என்ற சொல்லை ஊன்றி நோக்குக. அமைச்சன் அரசன்முன் வைப்பது விண்ணப்பம், ஆணையன்று. கைவிடப்படுவேனோ என்னும் அச்சம் நெஞ்சுள் அடைபட்டுக் கிடக்குங்கால் ஆணையிடுகின்றது; திருமுன் வைக்கப்பட்டவழி விண்ணப்பமாய்ச் சுருங்குகின்றது. முடிபு கூறும் உரிமை அதனைவிட்டு நீங்குகின்றது.

திருச்சதகத்துப் பத்துப் பகுதிகளுள் இரண்டாவது அறிவுறுத்தல். அதன்கண் அடிகள் தம் நெஞ்சினை வேறாக நிறுத்தி, முன்னிலைப்படுத்தி இடித்துரைக்கின்றார். நெஞ்சினை நீ என்று விளித்தவர் அதனை நான் என்று மயங்கார். அடுத்துச் சுட்டறுத்தலும், ஆத்துமசுத்தியும் நிற்கும் முறைமை கருதத்தக்கது. திருவாசகத்து 51 பகுதிகளின் அடைவு பாடிய கால முறையன்று என்பது மெய்யே. ஆயினும் பகுதிகளின் பெயர்கள் ஓர் ஏறுபடியைக் காட்டுகின்றன.

அச்சப்பத்தில் மற்றொரு நுட்பம் உளது. பாம்பும் வேலும் நோயும் அஞ்சேன் என்றவர், அச்சத்தை அறவே ஒழித்தாரல்லர். இறைவன்பால் அன்பிலாரைக் காணின் அஞ்சுவேன் என்று அதற்குரிய இடத்தைக் காட்டினார். மனத்தின் ஆற்றல் அழிக்கப்படாது, நெறிப்படுத்தப்பட்டது. இறுதிக்கண் நின்ற அச்சோப் பதிகத்திலோ, தம் சிறுமை முன்போலவே பேசப்படுகின்றது, முடிபுதான் மாறிற்று. யான் கடையேன், ஆகலின் விடப்பட்டேன் என்று இரங்கிய நெஞ்சம், யான் கடையேனாயிருந்தும் ஆட்கொள்ளப்பட்டேன், இப்பேறு பெற்றார் யாவர் என்று வியக்கின்றது. செய்தி ஒன்றே. மலவிருளில் நின்று நோக்கியபொழுது அழிவுக்குச் சான்றாயது, அருளொளியில் நின்று நோக்கியபொழுது அருளுக்குச் சான்றாயிற்று.

மேனாட்டு மருத்துவர் ஆரன் பெக் என்பார் 1960-களில், மனச்சோர்வுற்றார்பால் தாமே எழும் தீய எண்ணங்களைக் கண்டு, அவை உண்மையோ என்று நோயாளரையே ஆராயச் செய்யும் முறையை வகுத்தார். எண்ணம் வேறு, நிகழ்ச்சி வேறு என்னுந் துணிபு இரண்டிடத்தும் ஒக்கும். ஆயினும் ஆண்டு எண்ணத்தை ஆராய்வது அறிவு. ஈண்டு அவ்வறிவுக்கும் ஒளி தருவது திருவருள் என்க.

நாள்தோறும் திருவாசகம் ஓதும் நம்மனோர்க்கு இதனாற் பெறப்படும் எச்சரிக்கை இரண்டு. அடிகள் தம்மை நாய் என்று கூறியதனை நம்மேல் ஏற்றி, நாம் உய்யோம் என்று தளர்தல் ஒரு பிழை. அச்சொல்லையே பணிவென்னும் அணிகலனாகப் பூண்டு அவையில் ஒளிர்தல் அதனினும் பெரும்பிழை. முன்னையது அமைச்சன் அரசனைச் சிறையிடுவது. பின்னையது அமைச்சன் அரசன் முடியைத் தான் கவித்துக்கொள்வது. அடிகள் கருத்து இரண்டுமன்று. அமைச்சன் தன் செய்தியைக் கூறுக. அரசன் அதனை இறைவன் திருமுன் வைக்க. முடிபு அவன் அருள்வழி நிகழ்க என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவிற்கு அடிகள் திருவாதவூரினின்று மதுரைக்கு எழுந்தருளுகின்றார். வையைக்கரைப் புட்டுத்தோப்பிற் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நிகழ்கின்றது. தாம் சுடுமணலில் வருந்திய ஆற்றங்கரைக்கே அவர் விழாக்கோலத்தொடு வருதலைக் கண்டு தொழும் அன்பர்கள், தத்தம் நெஞ்சுள் முடிகவித்து வீற்றிருக்கும் அமைச்சனை ஒருமுறை நோக்குவாராக.

திருச்சிற்றம்பலம்.